பெருகும் குடும்பங்கள், சுருங்கும் நஞ்சை

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் சற்று முன்னர் இம்மன்றத்தில் வாசிக்கப்பட்டன. வந்தது எவ்வளவு, செலவானது எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு என்று காசு வரையில் கணக்குக் காட்டும் நல்ல மரபை நம் முன்னோர் நமக்கு விட்டுச் சென்றுள்ளனர். அதே முறையில் கணக்குப் பார்க்க வேண்டிய இன்னும் இரண்டு பேரேடுகள் உண்டு. ஒன்று நீர், மற்றொன்று நிலம். மக்கட்பெருக்கமும் சுற்றுச்சூழல் பாதுகாப்பும் என்பது நமக்குத் தரப்பட்டுள்ள தலைப்பு. அவ்விரு பேரேடுகளையும் நமது கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்துப் புரட்டிப் பார்த்தால், இத்தலைப்பு நம் வாசலுக்கு எவ்வளவு அருகில் நிற்கிறது என்பது விளங்கும்.

நீர் வந்த வரலாறு

இப்பள்ளத்தாக்கு என்றென்றும் பசுமையாகவே இருந்தது என்று நம் பிள்ளைகள் எண்ணிக்கொண்டிருக்கக்கூடும். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சத்தில் மதுரைச் சீமையும் தப்பவில்லை. மலைக்கு அப்பால் பெய்த பெருமழை பெரியாற்றின் வழியே அரபிக்கடலுக்குச் சென்றுகொண்டிருந்தது. மலைக்கு இப்பால் வைகைப் படுகை வறண்டு கிடந்தது. அந்நீரைக் கிழக்கே திருப்பும் திட்டத்திற்காக 1886 அக்டோபர் 29-ஆம் நாள் திருவிதாங்கூர் அரசுடன் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் செய்யப்பட்டது. பொறியாளர் ஜான் பென்னிகுவிக் தலைமையில் 1887-ல் தொடங்கிய அணைப்பணி 1895-ல் நிறைவுற்றது. மலையைக் குடைந்து அமைத்த சுரங்கத்தின் வழியே வந்த நீர் லோயர் கேம்ப்பில் இறங்கிக் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வயல்களை நனைத்து, தேனிக்கு அருகே வைகையில் கலந்தது.

அந்நீரை நம்பி லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல்கள் உள்ளன. அதற்கு அப்பால் திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களும் அதே நீரையே எதிர்நோக்கியிருக்கின்றன. நீர் வந்தபின் விளைச்சல் வந்தது. விளைச்சலைத் தொடர்ந்து வணிகமும் குடியிருப்பும் வளர்ந்தன. உத்தமபாளையத்தில் 1956-ல் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி தோன்றி, நம் பிள்ளைகள் உள்ளூரிலேயே பட்டம் பெறும் நிலை வந்தது. இன்று நாம் அனுபவிக்கும் வாழ்வின் அடியில் ஒரு மலைச் சுரங்கத்தின் நீர் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை மறத்தல் ஆகாது.

அந்நீர் அளவுக்கு உட்பட்டது. அணையின் நீர்மட்டத்தை 142 அடி வரை உயர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006-ல் அனுமதித்து, 2014 மே 7-ஆம் நாள் தீர்ப்பில் அதனை உறுதிசெய்தது. அந்த 142 அடிக்குள்ளேதான் ஐந்து மாவட்டங்களின் பங்கும் அடங்க வேண்டும். மதுரை மாநகருக்காக லோயர் கேம்ப்பிலிருந்தே குழாய் வழியே நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் திட்டம் வகுக்கப்பட்டபோது, நம் பகுதி விவசாயிகள் கவலையுற்று எதிர்ப்புத் தெரிவித்ததை அறிவோம். மதுரையில் தாகத்தோடு இருப்பவரும் மனிதர்தாம். இங்கே நாற்று நட்டுவிட்டு வாய்க்காலைப் பார்த்து நிற்பவரும் மனிதர்தாம். பங்காளிகள் பெருகிய சொத்தில் ஒவ்வொருவரும் தம் பங்கை எவ்வாறு செலவிடுகின்றனர் என்பதே கேள்வியாகிறது.

எண்கள் கூறுவது

மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவான நம் தேனி மாவட்டத்தின் மக்கள்தொகை 2001 கணக்கெடுப்பின்படி 10,93,950. 2011-ல் அது 12,45,899 ஆயிற்று. பத்தாண்டுகளில் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர் கூடியுள்ளனர். அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் நகர்ப்புறங்களில் வாழ்வோர். 2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் 2011-க்குப் பிந்தைய முழுக் கணக்கு நம் கையில் இல்லை.

மக்கட்பெருக்கம் என்றவுடன் பிள்ளைகளின் எண்ணிக்கையைச் சுட்டுவதும், அதிலும் நம் சமுதாயத்தை நோக்கி விரல் நீட்டுவதும் சிலருக்கு வழக்கமாக உள்ளது. அதற்குச் சினம் கொள்ளாமல் கணக்கால் விடை கூறுவோம். தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 1992–93-ல் இந்திய முஸ்லிம் பெண் ஒருவருக்குச் சராசரியாக 4.4 பிள்ளைகள், 2019–21-ல் அது 2.4 ஆகக் குறைந்துவிட்டது. தமிழ்நாட்டில் எல்லாச் சமுதாயங்களையும் சேர்த்த சராசரி 1.8. மக்கள்தொகை கூடாமலும் குறையாமலும் நிலைத்திருக்கத் தேவையான அளவு 2.1 என்று கொள்வார்கள். தமிழகம் அதற்கும் கீழே இறங்கி ஆண்டுகள் பலவாகிவிட்டன. பெண்கல்வியும், பிறந்த குழந்தை பிழைத்து வளரும் என்ற நம்பிக்கையும், மருத்துவ வசதியும் சேர்ந்து இம்மாற்றத்தைக் கொண்டுவந்தன.

அவ்வாறாயின் ஊர் ஏன் இன்னும் பெருகிக்கொண்டே செல்கிறது? வயல்கள் ஏன் குறைகின்றன? விடை நம் வீடுகளிலேயே உள்ளது. ஒரு தலைமுறைக்கு முன்னர் ஒரே கூரையின்கீழ்ப் பெற்றோரும் நான்கு ஆண்மக்களும் மருமக்களும் பேரப்பிள்ளைகளும் வாழ்ந்தனர். ஒரு கிணறு, ஓர் அடுப்பங்கரை, ஒரு கொல்லைப்புறம் போதுமானதாக இருந்தது. இன்று அந்த நால்வருக்கும் நான்கு வீடுகள். நான்கு ஆழ்துளைக் கிணறுகள். நான்கு கழிவுநீர்த் தொட்டிகள். நான்கு வாசல்களில் வாகனங்கள். நான்கு குப்பைக் கூடைகள். பிள்ளைகள் குறைந்தபோதும் குடும்பங்கள் பெருகின. குடும்பங்களின் எண்ணிக்கையைவிட ஒவ்வொரு குடும்பத்தின் தேவை இன்னும் விரைந்து பெருகியது. எனவே சுற்றுச்சூழலின் கணக்கைத் தொட்டில்களை எண்ணிப் பார்ப்பதில் பயனில்லை. மனைகளையும் மோட்டார்களையும் குப்பைகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வயல் மனையாகும் வழி

புதுமணத் தம்பதியருக்கு வீடு வேண்டாம் என்று எவரும் கூற முடியாது. வீடு தேவை; அது நியாயமான தேவை. ஆனால் அவ்வீடு எங்கே எழுகிறது என்பதில்தான் பள்ளத்தாக்கின் எதிர்காலம் அடங்கியிருக்கிறது.

நஞ்சை நிலம் ஒரு தட்டைப் போன்றது. வரப்புக்குள் நிற்கும் நீர் நெல்லை வளர்ப்பதோடு மெல்ல இறங்கி ஊர்க்கிணறுகளுக்கும் ஊற்றாகிறது. அந்த வயலின்மேல் கிராவல் மண்ணைக் கொட்டிச் சாலை போட்டு மனையாக்கிவிட்டால் மூன்று இழப்புகள் ஒரே நேரத்தில் நேர்கின்றன. நெல் போகிறது, நீர் இறங்கும் வழி அடைபடுகிறது, அவ்வயலைக் கடந்து அடுத்த வயலுக்குச் சென்ற கிளை வாய்க்கால் தூர்ந்துவிடுகிறது. கடைமடையில் இருப்பவர் நீரின்றி இரண்டு போகம் தவித்தபின், வேறு வழியின்றித் தம் நிலத்தையும் மனைக்கு விற்கிறார். முதலில் விற்றவர் ஒருவராக இருக்கலாம். அவர் விற்பனையின் விளைவு வாய்க்கால் நெடுகிலும் பரவுகிறது.

சட்டம் இதனைக் கண்டுகொள்ளாமல் இல்லை. 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அனுமதியற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை விதித்தது. பின்னர் 2017-ல் அரசு வரன்முறைப்படுத்தும் விதிகளைக் கொண்டுவந்தது. எனினும் சட்டம் பெரும்பாலும் வயல் அழிந்தபின்னரே வந்து சேருகிறது. வயல் விற்கப்படுமுன் அவ்வீட்டுத் திண்ணையில் நடக்கும் பேச்சில் சட்டத்திற்கு இடமில்லை, ஜமாஅத்திற்கு இடமுண்டு.

அன்பிற்குரியவர்களே! ஒரு குடும்பம் தன் வயலை ஏன் விற்கிறது? பேராசையால் விற்போர் சிலரே. மகளின் திருமணச் செலவுக்காக விற்போர் பலர். மருத்துவச் செலவுக்காகவும் வெளிநாட்டு விசாவுக்காகவும் விற்போரும் உள்ளனர். பாகப்பிரிவினைக்குப் பின் ஆளுக்கு இருபது சென்ட், முப்பது சென்ட் என்று வரும்போது, உழுவதற்கு உழவுக்கூலி கூடக் கட்டுப்படியாகாமல் விற்போரும் உள்ளனர். ஆக, நம் நெல்வயலின் பகைவன் மனை வணிகர் மட்டுமல்லர். மூன்று நாள் விருந்தும், அலங்காரப் பந்தலும், கடன் வாங்கிக் கொடுக்கும் சீர்வரிசையும் அவ்வயலின் வரப்பை வெட்டுகின்றன. திருமணத்தை எளிமையாக்குவது மார்க்கக் கடமை என்று மட்டுமே இதுகாறும் பேசிவந்தோம். அது மண்ணையும் நீரையும் காக்கும் பணியுமாகும்.

மலைமேலும் கடலோரத்திலும்

நம் பள்ளத்தாக்கின் மேல்விளிம்பில் மேகமலையும் வருசநாட்டு மலைகளும் நிற்கின்றன. வைகையின் பிறப்பிடம் அங்கேதான். 2021 பிப்ரவரியில் 1,016 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. புலிக்காகக் காக்கப்படும் காடு மழைநீரைப் பிடித்துவைத்து ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாக வைகைக்கு வழங்குகிறது. காடு குறைந்தால் மழை மண்ணோடு பாய்ந்து இறங்கும். 1959-ல் திறக்கப்பட்ட வைகை அணையில் வண்டல் படிந்து கொள்ளளவு சுருங்கியிருப்பதற்கு மேலே இழந்த மண்ணே சாட்சி. அதே வேளையில், அம்மலைகளில் நெடுங்காலமாக வாழும் சிற்றூர் மக்களின் வாழ்வுரிமையையும் புறக்கணித்தல் நீதியாகாது. காட்டைக் காப்பதில் அவர்களைப் பங்காளிகளாக்குவதே நிலைத்த வழி.

காட்டுக்கும் ஊருக்கும் இடையிலான எல்லை எவ்வளவு மெலிந்துவிட்டது என்பதை 2023-ல் கண்டோம். இடுக்கி மாவட்டத்தின் சின்னக்கானல் பகுதியில் குடியிருப்புகளோடு மோதிவந்த அரிக்கொம்பன் யானையை அவ்வாண்டு ஏப்ரல் இறுதியில் பிடித்துப் பெரியார் காப்பகத்தில் விட்டனர். அது மேகமலைப் பக்கம் வந்து, மே 27-ஆம் நாள் கம்பம் நகரத் தெருக்களிலேயே நுழைந்தது. ஊரடங்கு உத்தரவு போடும் நிலை ஏற்பட்டது. ஜூன் 5-ல் அதனைப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைப் பகுதிக்குக் கொண்டு சென்றனர். அந்நாட்களில் ஏலத்தோட்ட வேலைக்குச் செல்வோரும் திராட்சைத் தோட்டத்தாரும் பட்ட அச்சம் நமக்குத் தெரியும். யானையின் வழியில் மனிதர் குடியேறியதும், மனிதரின் தெருவில் யானை நுழைந்ததும் ஒரே கதையின் இரண்டு பக்கங்கள்.

இனி வைகையின் மறுமுனைக்குச் செல்வோம். நம் ஊர்களைத் தழுவி ஓடும் நீர் இராமநாதபுரம் சீமையை நோக்கிச் செல்கிறது. அக்கடலோரத்திலும் நம் சமுதாயத்தார் தொன்றுதொட்டு வாழ்கின்றனர். அங்குள்ள மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அத்தீவுகளைச் சூழ்ந்த பவளப்பாறைகளைச் சுண்ணாம்புத் தேவைகளுக்காகப் பல்லாண்டுகள் வெட்டி எடுத்தனர். அலைகளைத் தடுத்த அந்த மதில் சிதைந்ததன் விளைவாக அத்தீவுகளுள் இரண்டு கடலுக்குள் மூழ்கிவிட்டன. 2001-ல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இடம்பெற்றன. ஆயினும் மூழ்கிய தீவுகளைச் சட்டத்தால் மீட்க இயலவில்லை. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் அளவின்றி நிலத்தடி நீரை இறைத்ததால் கடல்நீர் நிலத்தடியில் புகுந்து கிணறுகள் உவர்த்தன. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, மக்கள் குடங்களோடு தெருவில் நின்றனர்.

கடலோரத்தில் பவளப்பாறை எதுவோ, பள்ளத்தாக்கில் நஞ்சை வயல் அதுவே. இரண்டும் ஓசையின்றி நம்மைத் தாங்கும் மதில்கள். இடிந்தபின்தான் அவற்றின் அருமை தெரியும்.

ஜமாஅத் செய்யத்தக்கவை

அரசு செய்ய வேண்டியதை அரசிடம் கேட்போம். ஆற்றில் நகரங்களின் கழிவுநீர் சேராமல் சுத்திகரிப்பு வேண்டும். வாய்க்கால்கள் தூர்வாரப்பட வேண்டும். குப்பை ஆற்றங்கரையில் குவியாமல் அகற்றப்பட வேண்டும். இவற்றிற்காக மற்றச் சமுதாயத்தாருடனும் விவசாயச் சங்கங்களுடனும் கைகோத்து மனுச் செய்வது நம் கடமை. ஆற்றுநீருக்குச் சாதியுமில்லை, மதமுமில்லை. ஆயினும் நம் கையிலேயே உள்ள சில பணிகளை இப்பொதுக்கூட்டத்தின் முன் வைக்கின்றோம்.

முதலாவது, பள்ளிவாசலின் நீர். ஓடும் ஆற்றின் கரையில் இருந்தாலும் ஒளுச் செய்வதில் விரயம் கூடாது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்த ஒழுக்கம். அவர்கள் ஒளுவுக்குப் பயன்படுத்திய நீர் நம் லிட்டர் கணக்கில் ஒன்றுக்கும் குறைவானது. குழாயைத் திறந்துவிட்டு ஒருவர் இரண்டு லிட்டர் வீணாக்குகிறார் எனக் கொள்வோம். ஒரு வக்துக்கு நூறு பேர் என்றால் 200 லிட்டர். ஐந்து வக்துக்கு 1,000 லிட்டர். ஓராண்டுக்கு 3,65,000 லிட்டர். இது ஒரு பள்ளிவாசலின் கணக்கு மட்டுமே. அழுத்தினால் திறந்து தானே மூடிக்கொள்ளும் குழாய்களைப் பொருத்தலாம். ஒளுச் செய்த நீரைச் சாக்கடையில் விடாமல் கபர்ஸ்தானின் மரங்களுக்குப் பாய்ச்சலாம். 2003-லேயே தமிழகத்தில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்பு அமைப்பு பள்ளிவாசலிலும் மதரஸாவிலும் தூர்ந்து போகாமல் இயங்குகிறதா என்று ஆண்டுதோறும் மழைக்கு முன் பார்த்து, அதனை ஆண்டறிக்கையிலேயே பதிவு செய்யலாம்.

இரண்டாவது, வக்ஃபு நிலம். நம் முன்னோர் பள்ளிவாசலுக்கு எழுதிவைத்த நஞ்சை நஞ்சையாகவே நீடிக்க வேண்டும். வருமானம் கூடும் என்று எண்ணி அதனைக் கட்டட வாடகைக்கு மாற்றும் யோசனை எழும்போது, வாய்க்காலின் கடைமடையில் உள்ளவர் நிலையையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். அறம் செய்ய நினைத்து எழுதிக்கொடுத்த நிலம் பிறர் வயலுக்குத் தடையாகிவிடக் கூடாது.

மூன்றாவது, பாகப்பிரிவினை. மார்க்கம் வகுத்த பங்கை ஆணுக்கும் பெண்ணுக்கும் முறையாக எழுதிக்கொடுப்பதில் எவ்வகைக் குறைவும் வேண்டாம். ஆனால் பங்கு பிரித்தபின் நிலத்தையும் துண்டாக்கியே தீர வேண்டும் என்ற கட்டாயமில்லை. உடன்பிறந்தோர் தத்தம் பங்கின் உரிமையை வைத்துக்கொண்டு ஒருவரிடமே சாகுபடியை ஒப்படைத்து விளைச்சலைப் பங்கிட்டுக்கொள்ளலாம். இதற்கான உடன்படிக்கையை எழுதித் தருவதற்கும் மனத்தாங்கல் வந்தால் பேசித் தீர்ப்பதற்கும் ஜமாஅத்தில் மூவர் குழு ஒன்றை அமைக்கலாம்.

நான்காவது, திருமணம். நிக்காஹ் பதிவுக்கு வரும் குடும்பத்தாரிடம் எளிமையை அறிவுறுத்துவதோடு நின்றுவிடாமல், எளிய திருமணத்திற்கு ஜமாஅத்தே துணை நிற்க வேண்டும். பாத்திரங்களும் எவர்சில்வர் தட்டுகளும் குவளைகளும் ஜமாஅத்தின் பொதுச் சொத்தாக இருந்தால், 2019 ஜனவரி முதல் தமிழகத்தில் தடைசெய்யப்பட்ட ஒருமுறைப் பிளாஸ்டிக் பொருட்கள் நம் விருந்துகளில் தலைகாட்டா. மகளின் திருமணத்திற்காக வயலை விற்க நேரும் குடும்பம் முதலில் பைத்துல்மாலை அணுகும் சூழலை உருவாக்க வேண்டும். வட்டியில்லாக் கடனாக ஒரு தொகை கிடைத்தால் ஒரு வயல் தப்பும்.

ஐந்தாவது, வீடு கட்டும் இடம். வீடு கட்ட விழையும் இளைஞர்கள் பழைய வீட்டின்மேல் மாடி எழுப்பவும், ஊருக்குள் வெறுமனே கிடக்கும் மனைகளைப் பயன்படுத்தவும், நஞ்சையை விடுத்து மேட்டு நிலத்தைத் தேர்ந்தெடுக்கவும் பெரியோர்கள் வழிகாட்ட வேண்டும். கழிவுநீர்த் தொட்டியைக் கிணற்றுக்கு அருகில் அமைக்காமல், அடியும் பக்கமும் பூசிக் கட்டுவது அண்டை வீட்டாருக்கு நாம் செய்யும் கடமை. நம் தொட்டியிலிருந்து கசிவது அவர் குழந்தையின் குடிநீரில் சேரக்கூடும்.

நிறைவாக

மனிதர் பெருகுவது பாரமன்று. ஒவ்வொரு பிள்ளையும் இறைவன் தரும் அருட்கொடை. அப்பிள்ளைகளுக்கு நாம் விட்டுச்செல்லும் நிலமும் நீரும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அமானிதத்தைப் பெற்ற அளவிலேயே திருப்பித் தருவது கடமை. கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாம் அனைவரும் பெருமிதம் கொண்டோம். ஒரு பழத்தின் பெயரோடு ஊரின் பெயரும் நிலைபெற்றது. அப்பெயரைத் தாங்கும் மண் இல்லாமற் போனால் அப்பெருமைக்குப் பொருளில்லை.

அடுத்த ஆண்டு இதே மன்றத்தில் ஆண்டறிக்கை வாசிக்கப்படும்போது, வரவு செலவுக் கணக்கின்கீழ் இன்னும் மூன்று வரிகள் இடம்பெற வேண்டும் என்று பணிவோடு முன்மொழிகின்றோம்: பள்ளிவாசலில் இவ்வாண்டு மிச்சப்படுத்திய நீர் எவ்வளவு, நம் மஹல்லாவில் விற்கப்படாமல் காப்பாற்றப்பட்ட வயல் எத்தனை, கபர்ஸ்தானில் நட்டுப் பிழைத்த மரங்கள் எத்தனை. தொகை சிறிதாக இருக்கலாம். எழுதத் தொடங்கிய கணக்கு எழுதுவோரைப் பொறுப்பாளியாக்கும்.

எல்லாம் வல்ல இறைவன் நம் பள்ளத்தாக்கில் மழையையும் விளைச்சலையும் பெருக்கி, அவற்றைப் பேணும் நல்லறிவையும் நமக்கு அருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.